ரத்தத்தில் தங்கும் தடம்: வைரஸ் ஆன்டிபாடி டெஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைரஸ் தொற்றைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைகளை உருவாக்குவது என் வேலை. அதைச் சொன்னதும் நண்பர்களும் உறவினர்களும், சில சமயம் டாக்டர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆன்டிபாடிக்குத் தமிழில் எதிர்ப்புரதம், பிறபொருளெதிரி என்று பல பெயர்கள் உண்டு. லேபில் நாங்கள் ஆன்டிபாடி என்றுதான் சொல்கிறோம், அதையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த டெஸ்ட் ரத்தத்தில் வைரஸைத் தேடுகிறதா?

இல்லை. வைரஸ் வந்ததற்கு உடம்பு கொடுத்த பதிலைத் தேடுகிறது. வைரஸ் நுழைந்ததும், அதன் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும் வேறு புரதங்களை உடம்பு தயாரிக்கிறது. அவைதான் ஆன்டிபாடிகள். அவை ஒட்டுகிற வைரஸ் பகுதிக்கு ஆன்டிஜென் என்று பெயர். டெஸ்ட் செய்கிறவர் அந்த ஆன்டிஜெனைத் தூண்டில் போல் வைத்திருக்கிறார். ரத்தத்தில் அதற்குரிய ஆன்டிபாடி இருந்தால் வந்து மாட்டும். பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுவை. ஆன்டிஜென் டெஸ்ட் தேடுவது வைரஸின் புரதத்தை. இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பிசிஆர் இருக்கும்போது இது எதற்கு?

பல வைரஸ்கள் சில நாட்கள்தான் ரத்தத்திலும் மூக்கிலும் இருக்கும். அதற்குப் பிறகு பிசிஆருக்கு அகப்படாது. ஆன்டிபாடியோ மாதக்கணக்கில், சில நோய்களில் ஆயுள் முழுக்க இருக்கும். ஓர் ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று வந்து போனது, கர்ப்பிணிக்கு ரூபெல்லாவுக்கு எதிரான பாதுகாப்பு இருக்கிறதா, தானமாக வந்த ரத்தத்தை ஏற்றலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இதுதான் கைகொடுக்கிறது.

காய்ச்சல் வந்த அன்றே எடுத்தேன், நெகட்டிவ் வந்தது. டெஸ்ட் தப்பா?

டெஸ்ட் தப்பில்லை, நாள்தான் தப்பு. ஆன்டிபாடி உருவாக அவகாசம் வேண்டும். பெரும்பாலும் முதலில் வருவது ஐஜிஎம் என்ற வகை, கொஞ்சம் தள்ளி ஐஜிஜி. டெங்குவை எடுத்துக்கொண்டால், முதல் சில நாட்களில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத் தேடுவதுதான் சரி. ஐஜிஎம் ஏறக்குறைய ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தெரியத் தொடங்கும். தொற்று நுழைந்ததற்கும் டெஸ்டில் தெரிவதற்கும் நடுவில் உள்ள இந்தக் காலத்தை விண்டோ பீரியட் என்கிறோம். எச்ஐவியில் இன்றைய நான்காம் தலைமுறை டெஸ்டுகள் ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்தே தேடுகின்றன. நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் செய்தால் 18 முதல் 45 நாட்களுக்குள் கண்டுபிடித்துவிடும். அந்த நாட்களுக்குள் வந்த நெகட்டிவ் முடிவை மட்டும் நம்பி நிம்மதி அடையாதீர்கள். திரும்ப எடுங்கள்.

புதிதாக ஒரு வைரஸ் வந்தால் டெஸ்ட் செய்யும் வேலை எங்கே தொடங்குகிறது?

தூண்டிலைத் தேர்ந்தெடுப்பதில். பாதி வெற்றி தோல்வி இங்கேயே முடிவாகிவிடும் என்பது என் எண்ணம்.

எளிய வழி, வைரஸையே செல்களில் வளர்த்து, உடைத்து, அந்தச் சாற்றைத் தூண்டிலாக வைப்பது. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எச்ஐவி டெஸ்ட் அப்படித்தான் செய்யப்பட்டது. அதில் ஒரு சிக்கல் வந்தது. வைரஸை வளர்த்தது டி செல் என்ற மனித வெள்ளையணுக்களில். எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தச் செல்களின் புரதங்கள் கொஞ்சம் வைரஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பல குழந்தைகளைப் பெற்ற பெண்களுக்கும், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிறரின் செல் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருக்கும். அது போய்த் தூண்டிலில் மாட்டியது. எச்ஐவி இல்லாத ஒரு தாய்க்கு பாசிட்டிவ் என்று காகிதம் வந்தால், அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப் பாருங்கள். அதைப் படித்த நாளிலிருந்து நான் எந்த ஆன்டிஜென் குப்பியைக் கையில் எடுத்தாலும், இதில் வைரஸைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அதனால் பிற்பாடு வைரஸ் மரபணுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ பாலூட்டிகளின் செல்களிலோ அந்த ஒரு புரதத்தை மட்டும் தயாரிக்கத் தொடங்கினார்கள். சுத்தம் கிடைத்தது. ஆனால் எந்தச் செல்லில் செய்கிறோம் என்பதும் முக்கியம். வைரஸின் மேற்பரப்புப் புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். பாக்டீரியா அவற்றைச் சரியாகப் போடாது, சில சமயம் மடிப்பும் மாறிவிடும். கொரோனாவின் ஸ்பைக் புரதத்தைப் பாலூட்டிகளின் செல்களில் செய்ததற்கு இதுதான் காரணம். அதன் வடிவம் குலையாமல் இருக்க இரண்டு இடங்களில் அமினோ அமிலத்தை மாற்றி புரோலின் போட்டார்கள்.

வைரஸை வளர்க்கவே முடியாவிட்டால்?

ஹெபடைடிஸ் சி அப்படித்தான் இருந்தது. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்ற ஒரு மஞ்சள் காமாலை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. வைரஸ் யார் கண்ணிலும் படவில்லை, எந்தச் செல்லிலும் வளரவில்லை. மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர் டேனியல் பிராட்லியோடு சேர்ந்து வேலையைத் தலைகீழாகச் செய்தார்கள். நோயுற்ற சிம்பன்சியின் பிளாஸ்மாவிலிருந்த (ரத்தத்தில் செல்கள் நீங்கலான திரவம்) மரபணுத் துண்டுகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு துண்டும் தன் புரதத்தைச் செய்யும்படி பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அப்புறம் நோயாளி ஒருவரின் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவம்) அந்தக் கூட்டத்தின் மேல் விட்டுப் பார்த்தார்கள். நோயாளியின் ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறதோ அது வைரஸின் துண்டாக இருக்க வேண்டும். ஏராளமான துண்டுகளில் ஒன்று, 5-1-1 என்று பெயரிட்ட ஒன்று, ஒட்டியது. 1989-இல் அதை வெளியிட்டார்கள். 1990-இல் தான ரத்தத்தை அந்த டெஸ்ட் கொண்டு பார்க்கத் தொடங்கினார்கள். ஆன்டிபாடியைக் கொண்டே வைரஸைக் கண்டுபிடித்த கதை இது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

எலைசா என்கிறார்களே, அதற்குள் என்ன நடக்கிறது?

1971-இல் ஸ்வீடனில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும், தனியாக நெதர்லாந்தில் வான் வீமன், ஸ்கூர்ஸ் இருவரும் கொண்டுவந்த முறை. அதற்கு முன்னால் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தை வைத்து அளந்தார்கள். எலைசாவில் கதிரியக்கத்துக்குப் பதில் ஒரு நொதி நிறத்தை உண்டாக்கிக் காட்டுகிறது.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சிறு குழிகள். ஆன்டிஜென் கரைசலைக் குழிகளில் ஊற்றி இரவு முழுக்கக் குளிரில் வைத்தால், அது அடியிலும் சுவரிலும் தானாகப் படிந்துவிடும். மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் கண்டதும் ஒட்டாமல் இருக்கப் பால்பவுடர் கரைசல் போன்ற ஒன்றால் மூடுகிறோம். ஆமாம், பால்பவுடர்தான். அப்புறம் நீர்க்கச் செய்த சீரம், பெரும்பாலும் நூறில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை விடுகிறோம். அதன் முதுகில் ஒரு நொதி இருக்கும். மறுபடி கழுவல். கடைசியில் நிறமில்லாத ஒரு திரவம். ஆன்டிபாடி மாட்டியிருக்கும் குழிகளில் அது நீலமாக மாறும். அமிலத்தை விட்டதும் சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி 450 நானோமீட்டரில் அளக்கும்.

படிக்க எளிதாக இருக்கிறது. செய்யும்போது கழுவல்தான் உயிரை வாங்கும். ஒரு தடவை என் தட்டில் ஓரக் குழிகள் மட்டும் வரிசையாகக் கருத்து வந்தன. நோயாளிகளின் சீரம் அங்கே இருக்கவில்லை. இரண்டு நாள் தேடிய பிறகுதான், தட்டுகளை அடுக்கி வைத்ததில் ஓரம் சீக்கிரம் சூடாகி, நடுப்பகுதி பின்தங்கியது தெரிந்தது. அன்றிலிருந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதே இல்லை.

வீட்டிலேயே பார்க்கும் ரேபிட் கார்டும் இதுதானா?

கொள்கை அதேதான். நொதிக்குப் பதில் தங்கத்தின் நுண்துகள்கள். தங்கம் அந்த அளவுக்குச் சிறிதானால் சிவப்பாகத் தெரியும், கார்டில் வரும் கோட்டின் நிறம் அதுதான். மேலே உள்ள கன்ட்ரோல் கோடு வராவிட்டால் அந்தக் கார்டு செல்லாது. கோடு மங்கலாக வந்தாலும், குறிப்பில் சொன்ன நிமிடங்களுக்குள் வந்திருந்தால் அது கோடுதான். மறந்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்துப் பதறாதீர்கள். காய்ந்த கார்டில் பொய்க்கோடு தோன்றுவதுண்டு.

எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று யார் முடிவு செய்வது?

டெஸ்டை உருவாக்குகிறவர்கள்தான், அதுவும் ரத்தத்தைப் பார்த்து. தொற்றே இல்லாதவர்களின் குழியிலும் கொஞ்சம் நிறம் வரும். சுத்தமான பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. ஆகவே தொற்று இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் சீரத்தை ஏராளமாகப் பார்த்து, அவர்களின் சராசரிக்கு மேல் மூன்று திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தள்ளி எல்லைக் கோடு போடுவது ஒரு பழைய வழக்கம். கோட்டைக் கீழே இறக்கினால் தொற்றுள்ளவர் யாரும் தப்பமாட்டார். ஆனால் இல்லாதவர்களும் மாட்டுவார்கள். மேலே ஏற்றினால் எதிர்மாறு. தான ரத்தத்தைச் சோதிக்கும்போது கோட்டைக் கீழே வைக்கலாம், ஒரு பாட்டில் வீணானால் பரவாயில்லை. ஒருவரிடம் நேரில் முடிவைச் சொல்லும் இடத்தில் அப்படி வைக்க முடியாது. கோட்டை ஒட்டி விழுகிறவர்களை இழுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளாமல், தெளிவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்வதே நேர்மை.

டெஸ்ட் சரியாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆன்டிபாடியைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. தவறான ஆளைப் பிடிக்காமல் இருப்பதுதான் வேலையே.

புது டெஸ்ட் அறிவிப்புகளில் நோயாளிகளின் ரத்தத்தில் நூற்றுக்கு இத்தனை பிடித்தது என்று பெரிதாகப் போடுவார்கள். நான் முதலில் தேடுவது, தொற்று இல்லாதவர்களின் ரத்தம் எத்தனை பார்த்தார்கள், அது யாருடைய ரத்தம் என்பதை. நூறு பேரின் ரத்தத்தில் ஒரு பிழைகூட வரவில்லை என்றால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. உண்மையான பிழை விகிதம் 3 சதவீதம் வரை இருந்தாலும் அப்படி வர வாய்ப்பிருக்கிறது. ஆயிரம் பேரைப் பார்த்து ஒன்றும் வராவிட்டால்தான் 0.3 சதவீதத்துக்குள் என்று சொல்லலாம்.

ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தம் மட்டும் போதாது. கர்ப்பிணிகள், மூட்டுவாத நோயாளிகள், அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ் வந்து போனவர்கள், அண்மையில் தடுப்பூசி போட்டவர்கள் எல்லோரும் வேண்டும். புது வைரஸ் என்றால் அது உலகில் தோன்றுவதற்கு முன்பே எடுத்து உறைய வைத்த சீரம் பொக்கிஷம். கொரோனா டெஸ்டுகளுக்கு 2019-க்கு முந்தைய ரத்தம் அப்படித்தான் உதவியது. அந்த ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் அது பிழை என்பதில் சந்தேகமே இல்லையே.

மூட்டுவாதத்தை ஏன் சொன்னேன் என்றால், ருமட்டாய்டு ஃபேக்டர் என்பது ஐஜிஜி-யின் மேல் ஒட்டும் ஓர் ஆன்டிபாடி. பெரும்பாலும் ஐஜிஎம் வகை. எப்போதோ வந்து போன தொற்றின் ஐஜிஜி தூண்டிலில் மாட்டும், அதன் மேல் ருமட்டாய்டு ஃபேக்டர் ஏறி உட்காரும், ஐஜிஎம்மைத் தேடும் எங்கள் டெஸ்ட் அதைப் பிடித்து, இப்போதுதான் தொற்று வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். இதைத் தவிர்க்க வரிசையை மாற்றினார்கள். முதலில் குழியில் ஐஜிஎம் பிடிப்பானைப் பூசி, ரத்தத்திலுள்ள ஐஜிஎம்களை மட்டும் பிடித்து, ஐஜிஜி-யைக் கழுவி வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு வைரஸ் புரதத்தைக் காட்டுவது. ஒரு சின்ன வரிசை மாற்றம்தான். அதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கும்பிடு போடத் தோன்றும்.

ஒரு வைரஸின் டெஸ்டில் வேறு வைரஸ் பாசிட்டிவ் காட்டுமா?

காட்டும். டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பம். உறை புரதங்கள் அண்ணன் தம்பி சாயலில் இருக்கும். டெங்கு வந்து போனவர்களின் ரத்தம் ஜிகா ஐஜிஎம் டெஸ்டில் பாசிட்டிவ் தருவதுண்டு. கர்ப்பிணிகள் விஷயத்தில் இது விளையாட்டல்ல. ஜிகா, கருவின் மூளையைப் பாதிக்கும் வைரஸ். என்எஸ்1 புரதத்தைத் தூண்டிலாக வைத்தால் குழப்பம் குறைகிறது. ரூபெல்லா ஐஜிஎம்மிலும் இப்படித்தான், பார்வோவைரஸ் பி19 தொற்று வந்தவருக்குப் பொய் பாசிட்டிவ் வரலாம். அதனால் கர்ப்பத்தில் ஒரே ஒரு ஐஜிஎம் காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. அவிடிட்டி டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒட்டிய ஆன்டிபாடியை யூரியாவால் கழுவிப் பார்ப்பது. புதுத் தொற்றின் ஆன்டிபாடி தளர்வாக ஒட்டியிருக்கும், கழன்று போகும். பழையது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

99 சதவீதம் துல்லியம் என்றால் என் பாசிட்டிவும் 99 சதவீதம் உண்மைதானே?

இல்லை, இதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். 10,000 பேரில் 100 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் அவர்களில் 99 பேரைப் பிடிக்கும். மிச்சமுள்ள 9,900 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் 99 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் சொல்லும். ஆக, பாசிட்டிவ் வந்த 198 பேரில் சரிபாதிப் பேருக்குத் தொற்றே இல்லை. அதே டெஸ்டை 2,000 பேருக்குத் தொற்றுள்ள ஊரில் வைத்தால் 1,980 உண்மை, 80 பொய். டெஸ்ட் மாறவில்லை, ஊர்தான் மாறியது.

அப்படியானால் என்ன செய்வது?

இரண்டாவது டெஸ்ட். மேலே சொன்ன 198 பேரையும் இன்னொரு 99 சதவீத டெஸ்டில் பார்த்தால் உண்மையானவர்களில் 98 பேர் நிற்பார்கள், பொய்யில் ஒருவர்தான் மிஞ்சுவார். ஒரு நிபந்தனை: இரண்டாவது டெஸ்டின் தூண்டில் வேறாக இருக்க வேண்டும். ஒரே புரதத்தை வைத்த இரண்டு கிட்டுகள் ஒரே ஆளிடம் ஒரே தவற்றைச் செய்யும். எச்ஐவியில் வெஸ்டர்ன் பிளாட் நீண்ட காலம் அந்த வேலையைச் செய்தது. வைரஸ் புரதங்களைத் தனித்தனிப் பட்டையாகப் பிரித்து, எந்தெந்தப் பட்டையில் ஆன்டிபாடி ஒட்டுகிறது என்று காட்டும்.

பாசிட்டிவ் என்றால் எனக்கு இனி நோய் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நோயைப் பொறுத்தது. ஹெபடைடிஸ் பி-யில் மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்று கொள்கிறோம். எச்ஐவியில் ஆன்டிபாடி இருந்தால் தொற்று இருக்கிறது என்று பொருள். ஹெபடைடிஸ் சி-யில் முழுக்கக் குணமான பிறகும் ஆன்டிபாடி இருக்கும், வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆர்தான் சொல்லும். ஒட்டுகிற ஆன்டிபாடி எல்லாம் வைரஸை முடக்குவதில்லை. முடக்குகிறதா என்று பார்க்க, வைரஸையும் சீரத்தையும் கலந்து உயிருள்ள செல்களின் மேல் விட்டு, செல்கள் பிழைக்கின்றனவா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன் டெஸ்ட் வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும், ஆபத்தான வைரஸ் என்றால் உயர்பாதுகாப்பு லேபும் வேண்டும்.

தடுப்பூசியால் வந்த ஆன்டிபாடியா, தொற்றால் வந்ததா என்று பிரிக்க முடியுமா?

சிலவற்றில் முடியும். ஸ்பைக் புரதத்தை மட்டும் தரும் கொரோனா தடுப்பூசி போட்டவருக்கு வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், அது தொற்றால் வந்தது. செயலிழக்கச் செய்த முழு வைரஸ் தடுப்பூசி என்றால் இந்த வழி செல்லாது, இரண்டுக்குமே ஆன்டிபாடி வந்துவிடும்.

இரண்டு லேபில் இரண்டு எண் வருகிறதே?

ஒவ்வொரு கிட்டும் தன் அளவுகோலில் அளக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில், குணமானவர்களின் பிளாஸ்மாவைக் கலந்து கொரோனா ஆன்டிபாடிக்கு ஒரு சர்வதேச அளவுகோலை நிறுவியது. அதை வைத்துத் திருத்திய எண்களைக்கூட ஓரளவுக்குத்தான் ஒப்பிடலாம். மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்றால் ஒரே லேபில், ஒரே கிட்டில் எடுங்கள்.

பிறந்த குழந்தைக்கு பாசிட்டிவ் வந்தால்?

அம்மாவின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். எச்ஐவியில் 18 மாதம் வரை அது குழந்தையிடம் தெரியலாம். குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்பதை பிசிஆர் வகை டெஸ்டில்தான் பார்க்க வேண்டும். ஐஜிஎம் நஞ்சுக்கொடியைக் கடக்காது.

நான் சாப்பிடும் மாத்திரை முடிவைக் கெடுக்குமா?

முடிக்கும் நகத்துக்கும் அதிக அளவில் எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் சில கருவிகளின் முடிவைப் பிறழச் செய்யும். டாக்டரிடம் சொல்லுங்கள். அண்மையில் ரத்தமோ, பிறரின் ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் மருந்தோ ஏற்றியிருந்தாலும் சொல்லுங்கள். அடுத்தவரின் ஆன்டிபாடி உங்கள் டெஸ்டில் தெரியும்.

எத்தனை வருஷம் ஆன்டிபாடி இருக்கும்?

ஓர் ஐஜிஜி மூலக்கூறு ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். ஆனால் எலும்பு மஜ்ஜையில் தங்கிய செல்கள் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், 1915-இலோ அதற்கு முன்போ பிறந்த 32 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்குப் பிறகும் 1918 ஃப்ளூ வைரஸை அந்த ஒவ்வொருவரின் ரத்தமும் அடையாளம் கண்டது.

டெஸ்ட் விற்பனைக்கு வந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்ததா?

இல்லை. வைரஸ் மாறுகிறது. 1994-இல், எச்ஐவியில் ஓ என்ற குழு தொற்றியவர்களைச் சில டெஸ்டுகள் தவறவிட்டது தெரிந்து, அந்தக் குழுவின் புரதத் துண்டையும் தூண்டிலில் சேர்க்க வேண்டியிருந்தது. வைரஸ் மாறாவிட்டாலும் நாங்கள் செய்யும் கிட் மாறும். புதுப் புட்டியில் வந்த ஆன்டிஜென், புது நிறுவனத்தின் பிளாஸ்டிக், எதுவும் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஆகவே ஒவ்வொரு தொகுதி வெளியே போகும் முன்பும் அதே பழைய சீரங்களை எடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். அவற்றில் பலவும் கோட்டை ஒட்டி நிற்கும் பலவீனமான பாசிட்டிவ்கள், வேண்டுமென்றே அப்படிப் பொறுக்கியவை. ஒவ்வொரு குப்பியிலும் சில துளிகள்தான் மிச்சம். மைனஸ் 80 டிகிரியிலிருந்து எடுத்து, பனிக்கட்டி மேல் மெல்ல உருகவிட்டு, தேவையான பத்து மைக்ரோலிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உடனே திரும்ப உறையவைக்கிறோம்.